திருத்தங்கள் நின்றுபோன பெட்டி

வெரோனா, இத்தாலி
2006 ஆகஸ்ட் 20

டொறீன் அப்பாவுக்கு,

மார்ஜரி எழுதுறேன். மூணு ஞாயிறா டெலிபோன் எடுத்துப் பாத்தேன். மொதல்ல மணி அடிச்சுச்சு, நீங்க எடுக்கல. இப்ப மணியும் அடிக்கல. கொம்பியூட்டர்ல உங்க பேருக்குப் பக்கத்துல எரியிற பச்சையும் எரியல. ஆள் இருக்கீங்களா இல்லையான்னு பக்கத்து வீட்டு றமீஸாவுக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். "மாஸ்டர் இருக்காங்க, காலையில பூச்செடிக்குத் தண்ணி ஊத்துனாங்க. ஆனா தலை நிமிர்ந்து யாரையும் பாக்குறதில்ல"ன்னு சொன்னா. அதனாலதான் கடுதாசி. எழுதி எத்தனையோ காலம், எழுத்து கோணலா இருந்தா சிரிக்காதீங்க.

போன மாசக் கடைசியில உங்க பேர்ல எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. எனக்குக் கண்ணாடி போட்டாலும் அந்த எழுத்து தெரியாது, அதனால மருமகன் நோபர்ட்தான் திறந்தாரு. உள்ள இருந்த படத்த நான் எப்படி எழுதுறது? உடுப்பில்லாத வெள்ளைக்காரி ஒருத்தி. மேல அனுப்புனவர் பேரு: ரபாயேல் மாஸ்டர், மாத்தளை. நோபர்ட் கதிரையில இருந்து கீழ விழாத குறை. "மாமாவுக்கு இந்த வயசுலதான் கண் திறந்திருக்கு அத்தை!" டொறீன் அவரு முதுகுல ஒண்ணு போட்டா. எனக்குச் சிரிப்பு வரல. ராவைக்கே கண்டியில இருந்து என் தம்பி லோரன்ஸ் கோல் எடுத்தான், அவனுக்கும் வந்திருக்கு. நம்ம கோயில் பாதருக்கும் சிஸ்டர்மாருக்கும் போயிருக்குன்னு அவன்தான் சொன்னான்.

அது நீங்க அனுப்புனதில்லன்னு எனக்குத் தெரியும். பிறகு நோபர்ட்டும் வெளங்கப்படுத்துனாரு. பெட்டிக்குள்ள ஒரு வைரஸ் பூந்தா, அதுல இருக்கிற எல்லா விலாசத்துக்கும் உங்க பேர்லயே அனுப்புமாம். ஏன் பூந்துச்சுன்னு கேட்டேன். "மாமா அப்டேட்ட நிப்பாட்டி வச்சிருக்காரு"ன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு. இந்த மாதிரிப் பழைய பெட்டிக்கு அதச் செஞ்ச கம்பெனிக்காரனே ஜூலை மாசத்தோட அப்டேட் குடுக்கிறத விட்டுட்டானாம். இனி அத இன்டர்நெட்டோட சேர்க்கவே கூடாதாம்.

விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோகாம தூங்கிப்போன கன்னிப் பிள்ளைங்க கதைய வருஷா வருஷம் ஞாயிறு வகுப்புல சொன்னது நீங்கதானே? ஏன் நிப்பாட்டுனீங்க? பதில் எழுதுங்க. புதுசு ஒண்ணு வாங்குங்க.

மார்ஜரி


மாத்தளை
2006 செப்டெம்பர் 9

அன்புள்ள மார்ஜரி,

கடல்கள் பிரித்தாலும் நம் இருவரையும் ஒரே பார்வையில் காண்கின்றவர் உன்னைக் காத்து நிற்பாராக.

நடந்ததை ஒளிவின்றி எழுதுகிறேன். ஜூலை மாத இறுதியில், நம் கன்னியர் மடத்துத் தலைவியின் பெயரில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவசரம் என்று தலைப்பிட்டு, உடன் ஒரு கோப்பும் இணைக்கப்பட்டிருந்தது. ஒரு துறவியிடமிருந்து வந்த மடலைத் திறவாமல் விடுவது மரியாதையாகுமா? திறந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கணினி சற்றே முனகியது, அவ்வளவே. அவரும் என்னைப் போலவே ஏமாற்றப்பட்டவர் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்கப் பீடத்தருகே சென்றேன். முன்வரிசையில் இரு பெண்கள் முக்காட்டின் முனையால் வாயை மூடிக்கொண்டார்கள். இறைவாக்கினரின் வார்த்தைகளை நான் வாசிக்க, அவர்களுடைய தோள்கள் குலுங்கின. திருப்பலி முடிந்ததும் பங்குத் தந்தை என்னைத் தனியே அழைத்து, "மாஸ்டர், கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது வாசிக்கட்டும். உங்கள யாரும் குற்றம் சொல்லல" என்றார். குற்றம் சொல்லப்படாதவனுக்குத் தண்டனை மட்டும் உண்டு என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். பின்னர் தொலைபேசியில் பெயர் சொல்லாத இளைஞர்கள் அழைக்கலாயினர். "மாஸ்டர், பார்ட் டூ எப்ப வரும்?" என்று ஒருவன் கேட்டான். கம்பியைக் கழற்றி வைத்துவிட்டேன். நீ அழைத்தபோது மணி அடிக்காமைக்குக் காரணம் அதுவே.

அப்டேட் எனப்படும் திருத்தங்களை ஏன் நிறுத்தினேன் என்று கேட்கிறாய். நம் வீட்டில் இணையமும் தொலைபேசியும் ஒரே கம்பியில் வருகின்றன. திருத்தங்கள் இறங்கத் தொடங்கினால் பல மணிநேரம் அந்தக் கம்பி அடைபட்டுக் கிடக்கும். நீயோ ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திராமல், மனத்தில் தோன்றிய வேளையில் தொலைபேசி அட்டை வாங்கி அழைக்கும் பழக்கம் உடையவள். பேத்திக்கு முதற்பல் தெரிந்த அன்று நீ பலமுறை அழைத்தும் கிடைக்கவில்லை. மறுநாள் அதைச் சொன்னபோது உன் குரலில் முதல்நாள் மகிழ்ச்சி இல்லை. அன்று மாலையே நிறுத்தினேன். ஆகையால் என் விளக்கில் எண்ணெய் இல்லாமற் போனது உறக்கத்தால் அன்று.

புதிய கணினி வேண்டாம். பேத்தியைப் பார்த்துக்கொள்ள, ஆறு மாதத்தில் வருவதாகச் சொல்லி நீ புறப்பட்டபோது, அந்த ஆறு மாதத்துக்கென்றே இந்தப் பழையதை வாங்கினோம். புதிது ஐந்து ஆண்டு உழைக்கும் என்கிறார்கள். ஐந்து ஆண்டு உழைக்கும் ஒன்றை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பேனாகில், எதற்கு ஒப்புக்கொண்டவன் ஆவேன்?

ரபாயேல்


வெரோனா
2006 செப்டெம்பர் 30

டொறீன் அப்பாவுக்கு,

உங்க கடுதாசிய நோபர்ட்டுக்கு வாசிச்சுக் காட்டுனேன், கடைசிப் பகுதிய விட்டுட்டு. பார்ட் டூவுக்குச் சிரிச்சாரு. டெலிபோன் கம்பி விஷயத்துக்குச் சிரிக்கல. "அது என் பிழை அத்தை. நானே யோசிச்சிருக்கணும்"னு சொல்லிட்டு எழும்பிப் போயிட்டாரு.

பிறகு வந்து சொன்னத எழுதுறேன். பெட்டி ஓடுது, பாட்டுப் படிக்குது, எழுத்துத் தெரியுது, அதனால நல்லா இருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க. ஓடுறது வேற, காவல் இருக்கிறது வேறயாம். உள்ள பூர்ற வழி ஒண்ணு கண்டுபிடிச்சா, முந்தி கம்பெனிக்காரன் அத அடைச்சு அனுப்புவான். இப்ப கண்டுபிடிக்கிறவன் கண்டுபிடிச்சுக்கிட்டே இருக்கான், அடைக்கிறவன் வீட்டுக்குப் போயிட்டான். புதுக் காவல் மென்பொருள் போடலாமான்னு கேட்டேன். அத தாங்குற அளவுக்கு அந்தப் பெட்டியில இடமும் இல்ல, வேகமும் இல்ல. சுத்தம் பண்ணினாலும் அடுத்த மாசம் இன்னொண்ணு வரும். அடைச்சு அனுப்ப ஆள் இல்லாதத வீட்டுல வச்சுக்கலாம், வெளியோட சேர்க்கக் கூடாது. இதுதான் மாத்துற நேரம்னு சொல்றாரு. உடைஞ்ச பிறகு மாத்துறது இல்லயாம்.

இது அவரு சொன்னது. இனி நான் சொல்றது.

நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு எனக்கு வெளங்குது. நேராவே சொல்றேன். மார்ச் மாசத்துல இருந்து பகல்ல ஒரு வீட்டுக்குப் போறேன். அஸூந்தா அம்மான்னு ஒரு வயசாளி, இடுப்புக்குக் கீழ வேலை செய்யாது. குளிப்பாட்டி, சாப்பாடு குடுத்து, செபமாலை சொல்லிக் குடுப்பேன். அவ இத்தாலியில சொல்லுவா, நான் தமிழ்ல சொல்லுவேன், மாதாவுக்கு ரெண்டும் வெளங்கும். வர்ற வாரம் வேலை ஒப்பந்தத்துல புதுசா கையெழுத்து வைக்கிறேன், ரெண்டு வருஷத்துக்கு. பேத்தியும் என்ன விட மாட்டேங்கிறா.

புதுப் பெட்டி வாங்குங்கன்னு சொன்னது அதுக்குத்தான்.

மார்ஜரி


மாத்தளை
2006 அக்டோபர் 22

மார்ஜரி,

உன் கடிதம் கிடைத்தது.

நம் முன்னோர் பாலைநிலத்துப் பிரிவைப் பாடியபோது, பொருள் தேடிப் புறப்படுகிறவன் ஆண் என்றே வைத்தார்கள். கல்லும் முள்ளும் அவனுக்கு. வீட்டில் இருந்து வழிபார்க்கும் கண்கள் அவளுக்கு. மழைக்காலத்துக்கு முன் வருவேன் என்று அவன் சொல்லிச் செல்வான். முதல் இடி கேட்டதும் அவள் தோழியிடம் அழுவாள். இங்கும் மழை தொடங்கிவிட்டது. ஆனால் அறுபத்தொன்பது வயதில், தாடியோடு, தோழி எவருமின்றி வாசலில் நிற்கும் ஒருவனை அந்தப் பாடல்களில் எங்கும் காணேன். எனக்கு முன் யாரும் நிற்காத இடத்தில் நிற்கிறேன். நிற்கும் விதம் தெரியவில்லை.

நம் கோயிலுக்கு இப்போது போவதில்லை. ஞாயிறுதோறும் எல்கடுவைக்குப் பஸ் ஏறி, மேலே தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்துக்குப் போகிறேன். அங்கே தொழிலாளர் லய வீடு எதிலும் கணினி இல்லை. சென்ற வாரம் வழியில் இராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். கோயிலுக்கு என்றேன். "டவுனில் கோயில் இல்லையா?" என்றான். அந்தக் கேள்விக்கு என் சிங்களம் போதவில்லை. மற்றவர்கள் ஏறும்வரை என்னை ஓரமாக நிறுத்தி வைத்தான். பிறகு போ என்றான்.

ஆலய வாசலில் சவரியம்மா என்ற கொழுந்தெடுக்கும் கிழவி, "அம்மா எப்பங்க வர்றாங்க?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறாள். இந்த வாரம் நான் முந்திக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினேன்.

கணினியின் எல்லாக் கம்பிகளையும் கழற்றி, மேலே துணி போர்த்தி வைத்துள்ளேன். காவல் இல்லாததை வெளியோடு சேர்க்கக் கூடாது என்றாய் அல்லவா? சேர்க்கவில்லை.

உன் கையெழுத்து உன் உரிமை. வேறென்ன எழுதுவேன்.

ரபாயேல்


வெரோனா
2006 நவம்பர் 12

டொறீன் அப்பாவுக்கு,

கோபம் வந்தா உங்களுக்குச் சங்ககாலம் வந்துரும். எனக்கு அது இல்ல, அதனால எனக்கு வந்த தமிழ்ல எழுதுறேன். டொறீனுக்கு இத காட்டல.

தோழி இல்லன்னு எழுதியிருந்தீங்க. கலியாணம் முடிச்சு அந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து எனக்கு யாரு இருந்தா? நீங்க பள்ளிக்கூடம் விட்டு வருவீங்க. "தேத்தண்ணி." குடிச்சு முடிஞ்சா புத்தகம். பிறகு கோயில் கூட்டம். வந்தா "சோறு." டொறீன் பெரியவளாகிப் போன பிறகு நான் ஒரு நாளைக்குக் கேட்ட தமிழ் அவ்வளவுதான். உங்க மேல குறை சொல்லி யாரும் நம்ப மாட்டாங்க. குடிக்கல, அடிக்கல, ஊரே தலை வணங்குது. அந்த ஊருக்கு நீங்க மேடையில ஏறி ஒரு மணித்தியாலம் பேசுவீங்க. பின்வரிசையில இருந்து நானும் கேப்பேன். நல்லாத்தான் இருக்கும்.

இங்க வந்த பிறகு என்ன ஆச்சு? மொத ஞாயிறே, அந்தப் படம் அசையாம நின்னு நின்னு வந்தாலும், நீங்க பேசுனீங்க. பல்லேபொல காணியில மிளகு எப்படி, பூனை குட்டி போட்டது, உங்களுக்குச் சின்ன வயசுல இருட்டுக்குப் பயம் இருந்தது. இருட்டுக்குப் பயம்! அத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு அது தெரியாது. அஞ்சு நாள் போக முந்தியே நான் ஞாயித்துக்கிழமைக்குச் சேலை எடுத்து வைக்க ஆரம்பிச்சேன். டொறீன் கேலி பண்ணுவா, "அம்மாவுக்கு டேட்டிங்"னு. வெக்கமா இருந்துச்சு. ஆனாலும் எடுத்து வைப்பேன்.

ஆறு மாசம் முடிஞ்சப்போ டிக்கெட் கையில இருந்துச்சு. நான்தான் தள்ளிப் போட்டேன். பேத்திய சாக்கா சொன்னேன். நான் அங்க வந்து இறங்குன அடுத்த நாள் நீங்க "தேத்தண்ணி"ன்னு சொல்லிட்டுப் புத்தகத்த விரிப்பீங்க. அத என்னால இனித் தாங்க ஏலாது. தூரத்துல இருக்கிற புருஷன்தான் எனக்குப் பேசுற புருஷன். அத விட்டுட்டு வரச் சொன்னா எப்படி வர்றது?

இப்ப நீங்க அந்தப் பெட்டிக்கும் துணி போட்டுட்டீங்க.

மார்ஜரி


மாத்தளை
2006 டிசம்பர் 10

அன்புள்ள மார்ஜரி,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்று வாசித்தேன். பிறகு அங்கேயே நெடுநேரம் நின்றேன். மறுப்பு எழுத முயன்று ஒரு பக்கம் எழுதினேன். அழகாகவே வந்தது, அதனாலேயே கிழித்தேன்.

நீ கேட்காத ஒன்றுக்கு மட்டும் விடை சொல்கிறேன். பெட்டியின் முன் அமர்ந்தால் உன் முகம் என்னை நோக்கியே இருந்தது. வீட்டில் நீ எப்போதும் அடுப்பையோ தண்ணீர்க் குழாயையோ நோக்கி நிற்பாய். நான் காண்பது உன் முதுகை. முதுகோடு பேச எனக்குக் கூச்சம். எதிரே வந்து நிற்கலாம் என்பது தோன்றவில்லை. நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு உரை சொன்னவனுக்கு அது தோன்றவில்லை.

வியாழக்கிழமை துணியை எடுத்து, கணினியைத் துவாய்த் துணியில் சுற்றி, முச்சக்கர வண்டியில் ஏற்றி, திருகோணமலை வீதியில் உள்ள மக்கீன் கடைக்குக் கொண்டுபோனேன். என்னிடம் படித்தவர்தான், இப்போது கணினிகளைப் பொருத்தி விற்கிறார். திறந்து பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது மௌத்தாகி, உசிர் போயி எத்தனையோ மாசம். ஜனாஸாவ அடக்காம வீட்டுலயே வெச்சிருந்திருக்கீங்க" என்றார்.

"ஓடுகிறதே" என்றேன்.

"ஓடும். அதுதான் பயம். ஓடாட்டி நீங்களே தூக்கிப் போட்டிருப்பீங்க."

கடையில் இருந்த இருவர் சிரித்தார்கள். ஒருவருக்கு என் செய்தி தெரியும் போலிருந்தது. "இது அந்த மாஸ்டர்தானே?" என்று தாழ்ந்த குரலில் தொடங்கினார். மக்கீன் திருகாணி முறுக்கியைக் கீழே வைத்து, "ஓம், இது என்ட மாஸ்டர். போன ரமழான்ல உங்க பேர்லயும் எனக்கு ஒரு மெயில் வந்திச்சு நானா. அத இங்க வெச்சே காட்டவா?" என்றார். அவர் வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். நான் மட்டுமே விழுந்தவன் என்று இத்தனை மாதமும் எண்ணியிருந்தேன்.

புதிய கணினி ஒன்றையே கேட்டேன். என் விரிவுரைக் குறிப்புகளையும் பேத்தியின் படங்களையும் நச்சு நீக்கி ஒரு குறுந்தட்டில் எடுத்துத் தந்தார். பழைய எழுத்துரு புதியதில் கோலம் கோலமாகத் தெரிந்தது, அதையும் சரிசெய்தார். பிறகு பழைய கணினியின் நினைவுத்தட்டைக் கழற்றி, இதை வேறு எவரிடமும் கொடுக்க வேண்டாம் என்று என் கையிலேயே தந்தார். புதிதில் திருத்தம் வந்திருப்பதாகத் திரையில் அறிவிப்புத் தோன்றினால், பிறகு என்று தள்ளக் கூடாது என்றார். கம்பி அடைபடும் குறையைச் சொன்னேன். தொலைபேசி நிலையத்தில் இப்போது இரண்டும் ஒரே வேளையில் நடக்கும் இணைப்புத் தருகிறார்கள் என்றும், நம் வீதிக்கும் அது வந்து சில மாதங்கள் ஆகின்றன என்றும் சொன்னார். யாரையும் கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். நான் எவரையும் எதுவும் கேட்பதில்லை என்பதும் உனக்குத் தெரிந்ததுதான்.

இறுதியாக உத்தரவாதச் சீட்டை எழுதும்போது, "ஒரு வருஷமா, மூணு வருஷமா மாஸ்டர்?" என்றார். நான் வாசல் பக்கம் திரும்பினேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. "அவசரமில்ல, யோசிங்க" என்று தேநீர் வருவித்தார். குடித்தேன். மூன்று என்றேன்.

ஆகவே, இனி எப்போது வருவாய் என்று கேட்டு எழுதமாட்டேன். இது சினத்தால் எழுதுவதன்று. அஸூந்தா அம்மையாரை நீ நன்றாகப் பார்த்துக்கொள். உன்னைக் கண்டு பேசும் ஒருவன் எங்கே இருந்தால் உனக்கு நலமோ, அங்கே இருக்கிறேன்.

தொலைபேசிக் கம்பியையும் பொருத்திவிட்டேன். முதல் அழைப்பு அந்த இளைஞனுடையதே. "மாஸ்டர்..." என்று தொடங்கினான். "பார்ட் டூ இல்லை தம்பி, இயந்திரத்தை மாற்றிவிட்டேன்" என்றேன். பிறகு, "மன்னிச்சிருங்க சேர்" என்று வைத்துவிட்டான்.

எழுதுவதற்கு வேறு பெரிய செய்தி இல்லை. சிறியவை உள்ளன. இன்று சோறு குழைந்துவிட்டது. பருப்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்ற ஐயத்தில் இரண்டாம் முறையும் போட்டேன். றமீஸா சுவரின் மேலால் ஒரு கிண்ணம் மீன்குழம்பு நீட்டி, "மாஸ்டர், மணம் எங்க ஊட்டுக்கும் வந்திச்சு, பாவமா இருந்திச்சு" என்றாள். பூனை என் பருப்பை மோந்துவிட்டுப் போய்விட்டது. உன் கறிவேப்பிலை மரம் மழையில் சாய்ந்தது, முட்டுக் கொடுத்திருக்கிறேன். இரவில் விளக்கை அணைக்காமலே உறங்குகிறேன். காரணம் உனக்குத் தெரியும்.

ரபாயேல்


வெரோனா
2006 டிசம்பர் 29

டொறீன் அப்பாவுக்கு,

யேசு பிறந்த நத்தார் அன்னைக்குப் புதுப் பெட்டியில உங்கள நல்லாக் கண்டேன். படம் நிக்காம வருது. தாடிய வெட்டுங்க. அவ்வளவு நேரம் பேசியும், இனி எழுதப்போறத வாயால சொல்ல வரல, பக்கத்துல எல்லாரும் நின்னாங்க.

கையெழுத்து வச்சது வச்சதுதான். ஆனா அஸூந்தா அம்மாவோட மகள் பெருநாளுக்கு வந்திருந்தா. ஒரு வருஷத்தோட என்ன விடுவீங்களான்னு அவகிட்டக் கேட்டேன். அடுத்த நத்தாருக்கு முந்தி வேற ஆள் பாத்துக்கிறேன்னு சொன்னா. அஸூந்தா அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு விடல. நானும் அழுதேன். பேத்திக்கு இன்னும் சொல்லல.

எனக்கு அந்தத் தேத்தண்ணிப் பயம் போயிருச்சுன்னு நினைச்சுக்காதீங்க.

கடை திறந்திருக்கிற நாளாப் பாத்து மக்கீன்கிட்டப் போயி, அந்த மூணு வருஷத்த ஒரு வருஷமா மாத்தித் தர ஏலுமான்னு கேளுங்க.

மார்ஜரி